ஆடியிலும் மார்கழியிலும் மட்டும் எடுத்த படம்

பத்தாங் காலி
1.12.1985

அன்புள்ள அக்காவுக்கு,

மார்கழி பிறக்கப் போகிறது. கல்யாணம் இல்லாத மாதம் என்று எல்லாரும் சலித்துக்கொள்வார்கள், எனக்குத்தான் கொண்டாட்டம். ரவாங் செல்லன் அண்ணனின் வீடியோ கேமரா ஆடியிலும் மார்கழியிலும்தான் சும்மா கிடக்கும். மற்ற மாதமெல்லாம் அதற்குத் தாலி கட்டுவதைப் பிடிக்கவே நேரம் போதாது. ஃபேக்டரி விடுமுறை நாட்களில் அவருடைய கல்யாணங்களுக்குப் போய் நான் விளக்குப் பிடிக்கிறேன், பதிலுக்கு அவர் கேமராவைத் தருகிறார். நம் படக் கம்பெனியின் மொத்த முதலீடும் இதுதான்.

ஆடியில் எடுத்ததை எல்லாம் போட்டுப் பார்த்தோம். மச்சான் பிரமாதம்! சின்ன வயது நீயாக நடிக்கும் உன் மகள் தங்கமணியின் கையிலிருந்து புத்தகப் பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "போதும் படிச்சது. நாளையிலேருந்து தம்பியப் பாத்துக்க" என்கிறாரே, செல்லன் அண்ணனே எழுந்து நின்றுவிட்டார். செத்துப்போன நம் அப்பாவை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. முதல் தடவை நடிக்கிற மனுஷனா இவர்? வீட்டில் ஒத்திகை பார்த்தாரா?

இன்னும் ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டவள், தலையில் நரை தட்டும் வயதில், விடுமுறை நாளில், ஆளில்லாத வகுப்பறைக்குள் போய்த் தன் பழைய பெஞ்சில் உட்காருகிறாள். வசனம் கிடையாது. அந்த ஒரு காட்சிக்காகத்தான் முழுப் படமும். உன் கதையை உன்னை வைத்தே எடுக்கிறேன். நீ அந்தப் பெஞ்சில் உட்காருவது சரியாக வந்துவிட்டால் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அதே பச்சைச் சேலை, அதே கண்ணாடி வளையல், அதே செருப்பு. நீ பள்ளி வாசல்வரை போவதையும், கேமரா உன் பின்னலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவதையும் ஆடியில் எடுத்துவிட்டோம். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைப்பது மார்கழியில். நடுவில் ஒரு நொடிகூடப் போகவில்லை என்று பார்க்கிறவன் நம்ப வேண்டும். வளையல் ஒன்று உடைந்தாலும் தெரிந்துவிடும். ஜாக்கிரதை.

தம்பி
சேது


பத்தாங் காலி
30.1.1986

அக்கா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

மார்கழி முழுக்க மழை. கேமராவைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு இரண்டு தடவை கோல சிலாங்கூருக்கு வந்தேன். பள்ளித் திடலில் முழங்கால் தண்ணீர். வகுப்பறையில் பெஞ்சுகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். திட்டிக்கொண்டே திரும்பினேன். சரி, இன்னும் ஆறு மாதம், ஆடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று செல்லன் அண்ணனுக்கு ஒரு காவடிக் குடும்பத்தைப் படம் பிடிக்கும் வேலை. பத்துமலையில் நான் ஒயர் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முன்னால் சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒன்று. யாரோ பாவம் என்று நினைத்தேன். தலை திரும்பியது. நீ!

ஒயரைக் கீழே போட்டுவிட்டேன். செல்லன் அண்ணன் அத்தனை பேர் முன்னால் என்னை ஏசினார். நீ கூட்டத்தோடு படி ஏறிப் போய்விட்டாய்.

ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? சேலையைச் சொன்னேன், வளையலைச் சொன்னேன், செருப்பைக்கூடச் சொன்னேன். தலையைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று ஒருத்தன் எழுதிக் கொடுக்க வேண்டுமா? வாசல்வரை இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், வாசலைத் தாண்டினால் மொட்டை. ஊர் சிரிக்கும்.

படம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாயோ என்னவோ. அப்படியானால் முருகனே சிரித்திருப்பார்.

சேது


கோல சிலாங்கூர்
9.2.1986

தம்பி சேதுவுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தை உன் மச்சானிடம் காட்டவில்லை. காட்டினால் இரண்டு பேரும் சேர்ந்து என் தலையைப் பற்றிப் பேசுவீர்கள்.

உன் படத்துக்காக நான் மொட்டை போடவில்லை. உலகத்தில் அந்தப் படத்தை விட்டால் வேறு விஷயமே இல்லையா?

தங்கமணி ஆறாம் வகுப்பை முடித்துவிட்டாள். உனக்குத் தெரியுமா? பள்ளி மூடிய அன்றிலிருந்து உன் மச்சான் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். டவுன் பள்ளி தூரம், பஸ்ஸில் பையன்கள் சேட்டை, மலாய் வராது, எல்லாம் சொன்னார். வீட்டில் ஒத்திகை பார்த்தாரா என்று வேடிக்கையாகக் கேட்டிருந்தாய். பார்த்தார். தினமும் பார்த்தார்.

எனக்குத் தெரிந்த பெரிய இடம் ஒன்றுதான். பிள்ளையை டவுன் பள்ளியில் முதல் வருஷம் மலாய் பழக்குகிற புகுமுக வகுப்பில் சேர்த்துவிட்டால் முடியைத் தருகிறேன் என்று முருகனிடம் சொன்னேன். பள்ளி திறந்த வாரம் திடீரென்று, "சரி, போய்ச் சேத்துட்டு வா. அப்புறம் என்னைச் சொல்லாத" என்றார். என்ன நினைத்தாரோ தெரியாது. கடனை உடனே தீர்த்துவிட்டேன். இந்த வெயிலுக்குத் தலை குளுகுளுவென்று இருக்கிறது.

ஆடியில் அவளை ஆணியில் தொங்கிய பையைப் பார்த்து அழச் சொன்னாய். நிஜமாகவே அழுதாள். நடிப்பு நல்லா வருது என்று தட்டிக்கொடுத்தாய். மழையில் இரண்டு தடவை வந்தாயே, பிள்ளை அடுத்து எந்தப் பள்ளிக்குப் போகிறாள் என்று ஒரு தடவை கேட்டாயா? இப்போது போகிறாள். பெரிய பள்ளி. நீலப் பினாபோர் சீருடை போட்டுக்கொண்டு போகிறாள்.

உனக்குப் பின்னல்தான் கண்ணில் படுகிறது.

அக்கா
புஷ்பவள்ளி


பத்தாங் காலி
22.6.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மாதமாக எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் நீ கேட்டதுதான் ஞாபகம் வந்தது. நான் கேட்கவில்லைதான். தங்கமணி நன்றாகப் படிக்கிறாளா? இதைப் படத்துக்காகக் கேட்கவில்லை.

இனி படத்துக்காகக் கேட்பது. ஆடி வருகிறது. கோயில் நாடகக் குழுவில் சிவானந்தம் என்று ஒருவர், பெண் வேஷம் கட்டுகிறவர், தன் சவுரியைத் தருவதாகச் சொல்கிறார். கொஞ்சம் செம்பட்டை அடிக்கிறது. தூரத்திலிருந்து எடுத்தால் தெரியாது. பின்னிவிட்டு எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

என்ன சொல்கிறாய்? திட்டுவதானாலும் எழுது.

சேது


கோல சிலாங்கூர்
6.7.1986

சேது,

தங்கமணி நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டிருக்கிறாய். படித்தாள்.

உன் மச்சான் கொடுத்த வாக்கு அரை வருஷம்தான் தாங்கியது. இப்போது தோட்டத்தில் செம்பனை மரமெல்லாம் நிறையக் காய்க்கிற நேரம். அவர் குலை வெட்டுகிறார், நான் கீழே சிதறும் உதிரிப் பழத்தைப் பொறுக்குகிறேன். என் இரண்டு கை போதவில்லை என்று பிள்ளையின் கையையும் கேட்டுவிட்டார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். பள்ளி விடுமுறை முடிந்து எல்லாப் பிள்ளைகளும் பஸ் ஏறினார்கள். இவள் எங்களோடு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புத்தகப் பை நீ அடித்த அதே ஆணியில் தொங்குகிறது. உனக்காகச் சுவரில் அடித்த ஆணி, இப்போது நன்றாக உபயோகப்படுகிறது.

முருகனிடம் போய் என் முடியைத் திருப்பிக் கேட்க முடியுமா, சொல்.

சவுரி வேண்டாம். இன்னொருத்தர் முடியை வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார மாட்டேன். விரல் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது. இப்படியே எடுப்பதானால் வா. பின்னல் எங்கே என்று கேட்பார்கள் என்பாய். ஆம்பிளைகள் கேட்பார்கள். பொம்பளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா


பத்தாங் காலி
12.10.1986

அன்புள்ள அக்காவுக்கு,

படம் முடிந்தது. செல்லன் அண்ணன் கடையில் இரண்டு வீடியோ டெக்கை வைத்து, இதில் ஓடவிட்டு அதில் பதிந்து, அப்படியே ஒட்டி முடித்தேன். ஒட்டுகிற இடத்திலெல்லாம் திரை ஒரு துள்ளு துள்ளுகிறது. போகட்டும். ஆடியில் நீ குட்டை முடியோடு பெஞ்சில் உட்கார்ந்து மேசையைத் தடவினாயே, அதை எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? நீ சொன்னது சரி. ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பார்க்கத்தான் ஆள் இல்லை. ரவாங்கில் கேசட் வாடகைக்கு விடுகிற கடைக்காரர், "பாட்டு இல்ல, சண்டை இல்ல, யாருலா எடுப்பா?" என்றார். இன்னொரு கடையில் வேறு மாதிரி மரியாதை: "கேசட் புதுசா இருக்கு தம்பி. அழிச்சிட்டு வேற படம் ஏத்திக்கவா?" கலும்பாங்கில் இளைஞர் மன்றத்துக்காரர்கள் பாதி பார்த்துவிட்டு, இதெல்லாம் வெளியே காட்டினால் நம் ஆட்களுக்குத்தானே அசிங்கம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் இதற்குத்தானா என்று இருக்கிறது.

கடைசியில் உங்கள் தோட்டத்து மண்டபம்தான் கதி. தீபாவளி முடிந்து நவம்பர் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காட்ட முடியுமா? டிவியும் வீடியோ டெக்கும் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டில் இருக்கிறதென்று மச்சான் சொல்வார். கேசட்டை பாலனிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்கிறவன், அவன் வீடு உங்கள் பக்கம்தான்.

நான் வர முடியாது. அன்றைக்கு ஒரு பெரிய கல்யாணம், இரட்டை விளக்கு. கேமராவுக்குக் கொடுத்த வாக்கு. என் படத்தின் முதல் காட்சியன்று நான் எவனோ தாலி கட்டுவதற்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருப்பேன்.

யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுது. கடைசிக் காட்சியில் யாராவது அழுதார்களா என்று கட்டாயம் எழுது.

சேது


கோல சிலாங்கூர்
20.11.1986

அன்புத் தம்பி சேதுவுக்கு,

கடைசிக் காட்சியை யாரும் பார்க்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்துக்கொண்டே போய் ஏமாற வேண்டாம்.

மண்டபம் நிறைந்திருந்தது. உன் மச்சான் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். திரையில் அவர் முகம் வந்ததும் விசில் பறந்தது. எழுந்து நின்று கும்பிடு வேறு போட்டார்! அப்புறம் பையை ஆணியில் மாட்டும் இடம் வந்தது. விசில் நின்றுவிட்டது. தங்கமணி என் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து இராஜம்மா அக்கா, அதுதான், பால்மாடு வைத்திருக்கிறவர், சத்தமாகச் சொன்னார்: "ஏன்யா கார்த்திகேசு, இதுக்கு நடிக்க வேற வேணுமா? ஒன் வீட்டு ஆணியில தொங்குறது என்னாது?"

உன் மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்துவிட்டது.

படம் ஓடி, நான் பள்ளி வாசலுக்குப் போகிற இடம். பின்னல் ஆடிக்கொண்டே போகிறது. வாசல் கிட்ட வருகிறது. தோட்டத்து லைட் இஞ்சின் நின்றுவிட்டது. எண்ணெய் தீர்ந்துவிட்டதாம், மறுநாள்தான் வருமாம். வருஷம் முழுக்க நீ பயந்த பின்னல் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை, பார்.

ஆனால் முடிவு தெரியாமல் போனது மற்ற பெண்களுக்கு ஆத்திரம். வாசல்வரை வந்தவள் உள்ளே போனாளா இல்லையா என்று என்னைக் கேட்டார்கள். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. இருட்டிலேயே எல்லாரும் சேர்ந்து உன் மச்சானைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து தோட்டத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பைமாட்டி என்கிறார்கள். வேலை வாங்குகிற மண்டோர்கூட அப்படித்தான் கூப்பிட்டாராம். வீட்டுக்கு வந்து கத்துகிறார்: "அது நடிப்புலா! நடிப்புக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியாதா இவங்களுக்கு?" எனக்கும் தெரியவில்லை என்றேன். சாப்பிடாமல் எழுந்து போனார்.

இப்போது அவருக்கு ஒரு யோசனை. அந்த அப்பன் மனம் மாறி, பையை ஆணியிலிருந்து எடுத்து, பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிற மாதிரி ஒரு காட்சி எடுத்துச் சேர்க்க வேண்டுமாம். மறுபடி மண்டபத்தில் போட்டுக் காட்ட வேண்டுமாம்.

நான் சும்மா இருப்பேனா? நிஜப் பள்ளியில், பள்ளி திறக்கிற நாளில், நிஜமாகவே பேர் பதிந்த பிள்ளையை வைத்துத்தான் அதை எடுக்க முடியும், சேது அதில் கண்டிப்பு என்று சொல்லிவிட்டேன். நேற்று லீவு போட்டுவிட்டு டவுன் பள்ளிக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். ஜனவரியில் மார்கழிதானே? கேமரா சும்மாதானே இருக்கும்?

அக்கா


பத்தாங் காலி
28.11.1986

அக்கா,

முடியாது.

நம் அப்பா மனம் மாறினாரா? சாகும்வரை உன் பையை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தார் என்று காட்டினால் நீ எதற்காக அந்தப் பெஞ்சில் போய் உட்காருகிறாய்? அப்பன் திருந்துகிற படம் ஊரில் ஆயிரம் இருக்கிறது. நான் விளக்குப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போனது இன்னொன்று எடுப்பதற்கா?

ஒருவரும் முடிவைப் பார்க்கவில்லை. பார்க்காத படத்துக்கு வேறு முடிவு கேட்கிறார் மச்சான். எண்ணெய் வாங்கி ஊற்றி அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தைப் போட்டுக் காட்டச் சொல்.

தங்கமணி படிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதற்காக என்னைப் பொய் எடுக்கச் சொல்லாதே. படம் செத்துவிடும்.

சேது


கோல சிலாங்கூர்
7.12.1986

சேது,

சாகட்டும்.

நீ இன்னொரு படம் எடுப்பாய். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

நான் பள்ளியை விட்டது உன் தொட்டிலை ஆட்டுவதற்கு. அதற்குக் கணக்குக் கேட்டு இதுவரை உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நீயாகத்தான் அதைப் படமாக எடுக்கிறேன் என்று வந்தாய். சந்தோஷம். ஆனால் என் பெஞ்ச் காலியாகிப் பல வருஷம் ஆகிவிட்டது தம்பி. அவளுடையது காலியாகி ஆறு மாதம்தான் ஆகிறது.

பொய் எடு, மெய் எடு, எனக்குக் கவலையில்லை. பள்ளி திறக்கிற அன்று கேமராவோடு வந்து நில்.

அக்கா


பத்தாங் காலி
11.1.1987

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளி திறந்த அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன். நேரமாகவில்லை. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யாரிடமும் சொல்லாதே. கேமராவில் கேசட் இல்லை.

ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்தும் என் மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே கேசட்டை எடுத்து வைத்துவிட்டு, வெறும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மச்சான் பையை ஆணியிலிருந்து எடுத்தார். போதவில்லை, இன்னொரு தடவை என்றேன். மறுபடி மாட்டி மறுபடி எடுத்தார். மூன்றாவது தடவை ஆணியே கையோடு வந்துவிட்டது, பார்த்தாய் அல்லவா? பள்ளி வாசலில் அவர் வசனம் பேசியதும் கட் என்றேன். எல்லாம் கேமராவின் வெறும் கண்ணாடிக்கு முன்னால்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கொல்கிறது. கட் சொன்ன பிறகு, நீ ஆபீசுக்குப் போயிருந்தபோது, மச்சான் தங்கமணியின் முன்னால் குனிந்தார். அவளுடைய சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்தது. மண்ணில் மண்டியிட்டுக் கட்டினார். பழம் வெட்டுகிற அந்தத் தடித்த விரலுக்கு முடிச்சு சரியாக வரவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார். அவள் விழாமலிருக்க அவர் தலைமேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் உள்ளே போன பிறகும் அவர் நகரவில்லை. மணி அடித்து, திடல் காலியாகும்வரை வாசலிலேயே நின்றார்.

இந்த இரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில் அதுதான் காட்சி. தோளில் கேமரா இருந்தது. கேசட் இல்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மச்சான் கேட்டால் என்ன சொல்வது?

சேது


கோல சிலாங்கூர்
20.1.1987

அன்புத் தம்பி சேதுவுக்கு,

கேசட் இல்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். படம் ஓடினால் அந்தப் பெட்டியின் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். உன் பேச்சைக் கேட்டு எத்தனை தடவை அதன் முன்னால் வெயிலில் நின்றிருக்கிறேன், இதுகூடத் தெரியாதா? அன்றைக்கு எரியவே இல்லை. நான் ஆபீசுக்குப் போகவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் பள்ளிச் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். கயிறு கட்டியதை அங்கிருந்து நானும் பார்த்தேன். அதற்குக் கேசட் வேண்டாம்.

தங்கமணி தினமும் போகிறாள். மறுபடி புகுமுக வகுப்புத்தான், வயதில் சின்னப் பிள்ளைகளோடு. வெட்கமாக இருக்கிறது என்கிறாள். போகப் போகச் சரியாகும். ஆணியை மறுபடி அடிக்க நான் விடவில்லை.

உன் மச்சானுக்குத்தான் பொறுமையில்லை. காட்சி எப்போது வரும், மண்டபத்தில் எப்போது போடுவார்கள் என்று சாயங்காலமானால் ஆரம்பித்துவிடுகிறார். இராஜம்மா அக்காவையும் மண்டோரையும் முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டுமாம். நடுவில் பிள்ளை படிப்பை நிறுத்தினால் அந்தக் காட்சி பொய்யாகிவிடும், அப்புறம் சேது வெளியே விட மாட்டான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதெப்படி நிறுத்துவேன் என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார்.

எடிட்டிங் ரொம்பக் கஷ்டமான வேலை, பிள்ளை பெரிய பள்ளியின் கடைசி வகுப்பு, ஐந்தாம் பாரம் முடிக்கும்வரை ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் கேட்டால் அதையே சொல்.

அக்கா
புஷ்பவள்ளி